படம் இருந்த இடத்தில் ஒரு வரி

கண் தெரியாத பிள்ளைகளுக்கும், வாசிக்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறி ஆட்டம் காட்டுகிற பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகங்களைக் காதால் கேட்கும்படி மாற்றிக்கொடுக்கிற அலுவலகம் அது. எழுத்தைக் கணினியே படித்துவிடும். படத்தை என்ன செய்யும்? முழிக்கும். அதற்காகத்தான் படக்காரம்மாவை வைத்திருந்தார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று நாலைந்து வரி எழுதிக்கொடுப்பது அவள் வேலை. படம் வருகிற இடத்தில் கணினி அந்த வரிகளைப் படிக்கும். ஒன்பது வருஷமாக வீட்டின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து தவளையின் குடலையும் எரிமலையின் வாயையும் எழுதியிருக்கிறாள். கேட்கிற பிள்ளை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நல்லாயிருக்கு, நாசமாயிருக்கு என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுதி அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

வீட்டிலாவது பேச்சுத்துணை உண்டா என்றால், அந்தக் கதையைக் கேட்காதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணத்தை வைத்துப் புருஷனோடு ஒரு வாய்ச்சண்டை. மகள் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாக இருக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும்தான் அந்தச் சண்டையை விடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். "சாவி", "தண்ணி வருது", இவ்வளவுதான் பேச்சு. மனுஷன் முன்னறை, அவள் பின்னறை.

அந்த நிலைமையில்தான் பத்தாம் வகுப்பு அறிவியலில் இதயத்தின் படம் வந்தது. அறை நாலு, குழாய் இன்னின்னது என்று ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். இடதையும் வலதையும் பிரிக்கிற சுவரிடம் வந்ததும் கை நிற்கவில்லை. "நடுவில் ஒரு தடித்த சுவர். ஒரே வீடுதான், ஆனாலும் இந்தப் பக்கத்து இரத்தத்துக்கும் அந்தப் பக்கத்து இரத்தத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்று எழுதிவிட்டாள். படத்தில் இருப்பதைத் தவிர ஒரு சொல் சேர்க்கக்கூடாது என்பது அலுவலக விதி. சரிபார்ப்பவருக்குக் கத்திரி என்றே பட்டப்பெயர், அப்படி வெட்டுவார். அன்றைக்கு அவரும் கோட்டை விட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த வரி கண்ணில் பட்டது. வெட்டிவிட்டு, இரண்டாவது எச்சரிக்கை என்று ஒரு கடிதமும் அனுப்பினார். மூன்றாவது வந்தால் சீட்டுக் கிழியும்.

பொதுத்தேர்வு முடிந்த பிறகு ஒரு காலையில் கத்திரியே கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை. ஊர்கூட வேறு வேறான இரண்டு மாணவிகள், ஒருத்திக்குக் கண் தெரியாது, இன்னொருத்திக்கு வாசிக்க வராது, இதயத்தைப் பற்றிய கேள்விக்கு தங்களுக்காகத் தேர்வெழுத வந்தவர்களிடம் அச்சு அசலாக ஒரே வரியைச் சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். அச்சடித்த புத்தகத்தில் அந்த வரி இல்லை. இணையத்தில் இருக்கிற ஒலிப்புத்தகத்திலும் இல்லை. பாடம் கேட்கப் பள்ளியில் கொடுத்த கருவிகளில் பழைய பிரதி இருந்திருக்கும், ஆனால் தேர்வு முடிந்ததுமே அவற்றைத் திரும்ப வாங்கி உள்ளே இருந்ததை அழித்துவிட்டார்கள். வினாத்தாள் முன்னாடியே வெளியே போய் யாரோ விடை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு பேருடைய தேர்வு முடிவையும் நிறுத்திவைத்தாயிற்று, செவ்வாய்க்கிழமை விசாரணை. நாம் வாயைத் திறக்க வேண்டாம், அதுகள் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளட்டும், ஒரு வருஷம்தானே என்றார் கத்திரி.

அவள் பதறியிருக்க வேண்டும். ஆனால், உள்ளதைச் சொல்ல வேண்டுமே, முதலில் வந்தது சந்தோஷம். தான் எழுதியதை இரண்டு உயிர்கள் மனப்பாடமாக வைத்திருந்திருக்கின்றன! பிள்ளைகளின் ஒரு வருஷம் போகப்போகிறது, இவளுக்கு என்ன பூரிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, விசாரணை நடக்கிற அறைக்குப் போய் நின்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஓரமாகக் கத்திரி. இந்தப் பக்கம் கண் தெரியாத பெண்ணும் அவளுடைய அம்மாவும். இன்னொருத்தி மறுநாள் வருவதாக இருந்தது. புத்தகம்தான் சொன்னது என்று அந்தப் பெண் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி புத்தகத்தை விரித்து, இங்கே வெறும் படம்தான் இருக்கிறது என்று விரலால் தட்டினார், அவளுக்கு அது தெரியப்போகிற மாதிரி. படக்காரம்மா கணினியைத் திறந்து, தேதியோடு கிடந்த தன் பழைய பிரதியை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"பாடத்துல இல்லாததை ஏம்மா எழுதினீங்க?"

"வீட்ல ரெண்டு பேர் இருக்கோம், சார். பேச்சு கிடையாது. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

கத்திரி தரையைப் பார்த்தார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு இரண்டு பேருடைய தேர்வு முடிவையும் வெளியிடச் சொல்லி எழுதினார். வராந்தாவுக்கு வந்ததும் கத்திரி, கையில் இருக்கிற புத்தகத்தோடு வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். மனுஷனுக்குச் சொல்லவே வாய் வரவில்லை, பாவம். அவள் தலையாட்டினாள்.

அவர் போன பிறகு அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தேடி வந்தாள். படமெல்லாம் சொல்வது கணினிதான் என்று நினைத்திருந்தாளாம். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரியாதாம். தவளையும் நீங்கள்தானா, எரிமலையும் நீங்கள்தானா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் நான்தான் என்றாள் படக்காரம்மா.

"பதினொண்ணாம் வகுப்புலயும் நீங்கதானே ஆன்ட்டி?"

வேறு ஒருவர் வருவார், என்னைவிட நன்றாகச் சொல்வார் என்று சொல்லத்தான் படக்காரம்மா நினைத்தாள். ஒரு சொல்லும் எழும்பவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? குரல் நின்ற திசையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை நீட்டிக் காற்றில் துழாவினாள்.

"ஆன்ட்டி, இருக்கீங்களா?"

மூன்று வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கேம்மா" என்று சொல்ல அவளுக்கு நேரமாயிற்று.