பத்தொன்பதாயிரம் நாள் மழை

ராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குள் பதினோரு தடவை துடைத்தாயிற்று. எதிரே மேஜைமேல் கம்ப்யூட்டர் மூடி கழற்றி, வயிறு திறந்து கிடந்தது. பொத்தானை அழுத்தினால் மூன்று முறை 'பீப்' என்று கத்தும். அப்புறம் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது.

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் மனுவும் பத்திரமும் அடித்துத் தருகிற சின்னக் கடை அவளுடையது. வேறு நாளாயிருந்தால் அந்த இயந்திரத்தை இரண்டு திட்டு திட்டிவிட்டு, மூடி போட்டு, ஊட்டுக்குப் போயிருப்பாள். அன்றைக்கு அது முடியாது. உள்ளே ஐம்பத்திரண்டு வருட மழை இருந்தது.

அந்த மழைக்குச் சொந்தக்காரர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செம்மநத்தம் சித்தன். மழைக்குப் போர்த்திய சாக்குக் கொங்காடையை இன்னும் தலையிலிருந்து எடுக்கவில்லை. அவர் வேலை பார்த்த எஸ்டேட் கைமாறியபோது, பழைய ரிஜிஸ்டர்களை எரிக்கச் சொல்லிக் குவித்துப் போட்டார்கள். அதிலிருந்து மழைக்கணக்கு ரிஜிஸ்டர்களை மட்டும் பொறுக்கி, மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். தினமும் காலையில் எத்தனை அங்குலம், அங்குலத்தில் நூறில் ஒன்றான சென்ட் எத்தனை பெய்தது என்று, 1945 முதல் 1996 முடிய ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது. ராஜேஸ்வரி நான்கு மாதம் உட்கார்ந்து அத்தனையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பத்தொன்பதாயிரம் நாளுக்கு ஏழே நாள் குறைச்சல்.

எதற்கு இந்தப் பாடு என்றால், செம்மநத்தத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் ஒரு தடுப்பணை வேண்டுமென்று ஊர்க்காரர்கள் ஆறு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஓடை தை மாசமே காஞ்சு போவுது, அணை கட்டி என்ன பண்ணப் போறீங்க?" என்று இன்ஜினியர் கேட்டுவிட்டார். நாற்பது வருட மழை எவ்வளவு என்று ஒரே தாளில் படம் போட்டுக் காட்டினால் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னார். இப்போது அவர் ஏற்காட்டில்தான் இருக்கிறார். மலைப்பாதையில் மண் சரிந்ததால் இரண்டு நாளாக விருந்தினர் மாளிகையில் மாட்டிக்கொண்டார். ஐந்து மணிக்குப் பாதையைத் திறந்துவிடுவார்கள், ஜீப் கிளம்பிவிடும். அடுத்த வாரம் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். புதிதாக வருகிறவரிடம் மறுபடி முதல் மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரிஜிஸ்டரைக் காட்டலாமே என்றால், ரிஜிஸ்டர் இல்லை. சித்தன் அவற்றைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தார். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, மையெல்லாம் கரைந்து, நீலக் கூழாகிப் போயிற்று. மழைக்கணக்கை மழையே கரைத்துவிட்டது. ராஜேஸ்வரி நகல் எடுத்து வைத்த ஃபிளாப்பிகளோ, கடைக்குள் மேகம் புகுந்து புகுந்து வெள்ளைப் பூஞ்சை பிடித்து நாசமாயின. ஆக, இருப்பது இந்த ஒரு பெட்டியில்தான்.

பெட்டியும் சும்மா இருக்கவில்லை. படம் போடச் சொன்னால் 'மெமரி போதாது' என்று கை விரித்தது. அதனால் சேலத்து மெக்கானிக் சேகர், புதிதாக ஒரு மெமரித் துண்டும், நகல் எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க்கும் பாதை அடைபடுவதற்கு முன்பே பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினான். நேரில் வந்து மாட்டுவதாகச் சொன்னவன், மண் சரிந்ததால் அடிவாரத்தோடு நின்றுவிட்டான். போனில் அவன் சொல்லச் சொல்ல ராஜேஸ்வரியே மாட்டினாள். மாட்டியதிலிருந்து இந்த மூன்று பீப்தான்.

பக்கத்துக் கடை பழனிசாமியின் டெலிபோன் பூத். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். போன் ஒயர் இந்தப் பக்கம் எட்டாது. ஆகவே பழனிசாமி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, சேகர் சொல்வதைத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, புதுசைக் கழட்டிட்டுப் பழசை மட்டும் போட்டுப் பாக்கச் சொல்றானுங்க."

"பாத்தாச்சு. அதுக்கும் மூணு பீப்தான்."

தலை உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் திரும்பி வந்தது.

"மூணு பீப்புன்னா மெமரி கோளாறாமாங்க. துண்டு கெடலீன்னா அது உக்காந்திருக்கற குழி கெட்டிருக்கோணுமாம். டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்றான். இன்னொண்ணும் சொல்றானுங்க. மெமரி கோளாறா இருக்கறப்ப அது பாட்டுக்குக் கிளம்பி டிஸ்க்கத் தொட்டுச்சுன்னா, உள்ளே இருக்கறது பூராக் கொழம்பிப் போயிருமாம். சும்மாச் சும்மாப் பொத்தானை அமுக்க வேண்டாம்ங்கறான்."

ராஜேஸ்வரி வெடுக்கென்று பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை அழுத்தினாள் என்ற கணக்கே அவளிடம் இல்லை.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். மெமரி நிற்கும் குழியின் இடுக்குகளில் மை மாதிரி ஏதோ கருப்பாக அப்பியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பொடி. அது என்னவென்று புரிந்த நொடியில் அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கரி. அடுப்புக்கரி. ஏற்காட்டில் ஈரம் ஏறாமலிருக்க எல்லார் ஊட்டுப் பீரோவிலும் துணிப்பையில் கரியைக் கட்டிப் போடுவார்கள். பட்டுப்புடவைக்குப் போடுவதைக் கம்ப்யூட்டருக்குப் போட்டால் என்ன என்று, போன கார்த்திகையில் அவளே ஒரு சின்னப் பை தைத்து, பெட்டிக்குள் ஒரு மூலையில் வைத்தாள். அப்போது தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொள்ளவும் செய்தாள். பை நைந்திருக்கிறது. ஒரு வருடமாக உள்ளே விசிறி சுற்றச் சுற்ற, கரிப்பொடி எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறது. புதுத் துண்டை அமுக்கியபோது குழிக்குள்ளும் இறங்கிவிட்டது.

"பழனிசாமி, உள்ளே கரிப்பை வெச்சிருந்தேன்னு சொல்லுங்க."

பழனிசாமி சொன்னான். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னங்க சொல்றான்?"

"இருங்க... கரி கரண்டைக் கடத்துமாங்க. டார்ச் செல்லுக்குள்ள இருக்கறதே கரிதானாம். இத்தனை நாள் ஓடுனதே அந்தச் சேர்வராயன் சாமி புண்ணியம்ங்கறான்."

பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வேலையில் இறங்கினார்கள். பழனிசாமி கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டு வந்தான். அவன் காற்றடிக்க, ராஜேஸ்வரி படம் வரையும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகக் கரியைத் தட்டி எடுத்தாள். மெமரித் துண்டுகளின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். சித்தன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்தத் துண்டுக்குள்ளயா அம்மணி மழை இருக்குது?"

"இல்லீங்கண்ணா. மழை அந்த டிஸ்க்குக்குள்ள இருக்குது. அதை எடுத்து வெளிய பரப்பிப் பாக்கறதுக்குக் களம் வேணும்ல, அதுதான் இது. கரண்டு போனா இதுக்கு எல்லாமே மறந்து போயிரும்."

சித்தன் அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பீன்ஸ்காய் நீளம்கூட இல்லை. சுடுகிற பொருளை நீட்டுவது போல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு துண்டையும் அமுக்கி மாட்டினாள். சேர்வராயரை ஒருமுறை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு பீப். இருட்டுத் திரையில் மெமரியின் அளவைக் கணக்கெடுத்து வெள்ளையாக எண்கள் ஓட ஆரம்பித்தன. நாலாயிரத்தைத் தாண்டின, எட்டாயிரத்தைத் தாண்டின, பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றன. இத்தனை வருடம் நாலாயிரத்திலேயே நின்றுபோகிற எண்ணைப் பார்த்துப் பழகியவளுக்கு, வாய் தானாகத் திறந்துகொண்டது. பூத்துக்குத் திரும்பிய பழனிசாமி தடுப்புமேல் நாடியை ஊன்றி, மூச்சு விடாமல் பார்த்தான்.

அத்தோடு தீர்ந்திருந்தால் நன்றாயிருக்கும். டிஸ்க் சுழல ஆரம்பித்ததும் தலைக்கு மேலிருந்த குண்டு பல்பு மஞ்சளாகச் சுருங்கியது. திரை அணைந்தது. பீப். எண்கள் மறுபடி முதலிலிருந்து ஓடின. மறுபடி டிஸ்க் சுழன்றது, மறுபடி அணைந்தது.

"பல்பு மங்குதான்னு கேக்கறானுங்க."

"மங்குது."

"அப்ப இது மெமரி இல்லியாம், பவர் சப்ளையாம். அந்த டப்பா பழசு. டிஸ்க்கு ரெண்டாச்சுல்ல, பாரம் தாங்கலியாம். புது டிஸ்க்கோட ஒயரைப் பிடுங்கிருங்க."

பிடுங்கினாள். இந்த முறை கொஞ்சம் தாக்குப் பிடித்தது. திரையில் படம் வரப் பார்த்தது. பல்பு இன்னும் மங்கியது, பெட்டி அணைந்தது. மணி நாலு. ராஜேஸ்வரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணாடியைக் கழற்றினாள்.

"லைன்லயே கரண்டு பத்தலியாம்," என்றான் பழனிசாமி. "பக்கத்துல ஏதாச்சும் பெரிய மோட்டார் ஓடுதான்னு கேக்கறான்."

ஓடாமல் என்ன செய்யும்? காப்பிப்பழ சீசன். கீழே எஸ்டேட்டில் பழம் உரிக்கும் பல்பர் மோட்டார் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் ஆறு வரைக்கும் ஓடும். கடைக்கும் அதற்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.

"மத்தியானம் பறிச்ச பழம் குவிஞ்சு கெடக்கும். யாரு நிறுத்துவாங்க?" என்றாள் ராஜேஸ்வரி.

திரும்பிப் பார்த்தால் பெஞ்சு காலி. சித்தன் மழையில் இறங்கி, காப்பிச் செடிகளுக்கு ஊடே குறுக்குத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயசு மனிதர் அந்தச் சறுக்கலில் ஓடுவதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலே காலுக்கு மலை முழுக்க ஒரு சத்தம் நின்றது. நிற்கிற வரைக்கும் அது அவ்வளவு பெரிய சத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. இலையில் மழை சொட்டுவது கேட்டது. தலைக்கு மேல் பல்பு மஞ்சளிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்து, கடையெல்லாம் பளிச்சென்று ஆயிற்று. ஒரு மனிதர் போய் ஒரு வார்த்தை சொன்னதற்கு மலையே வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது போலிருந்தது.

பொத்தானை அழுத்தினாள். எண்கள் ஓடின. டிஸ்க் சுழன்றது. பல்பு அசையவில்லை.

சித்தன் மூச்சு வாங்கக் கடைப்படி ஏறியபோது திரையில் முதல் கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

"எங்கூட வேலை பாத்த ஐயாக்கண்ணுதானுங்க இப்ப பல்பர் மேஸ்திரி. அரை மணி நேரம் நிறுத்தறேன், அதுக்கு மேல பழம் புளிச்சுப் போயிரும்னான்." சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

வருடத்துக்கு ஒரு கோடாக, இடமிருந்து வலமாக, ஐம்பத்திரண்டு கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைவாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலைமுகடுகள் போலவே திரை முழுக்க நின்றன. நான்கு மாதம் எண்ணாக அடித்தபோது ராஜேஸ்வரிக்கு அது விரல்வலியாக மட்டும்தான் இருந்தது. இப்போதுதான் அதை மழையாகப் பார்த்தாள்.

சித்தனுக்கு எழுத்துத் தெரியாது. கிட்டே போய், திரையில் படாமல் விரலை நீட்டினார். நடுவில் எல்லாவற்றையும் விட உயரமாக நின்ற கோடு.

"இது எம்பட மவ பொறந்த வருசம். ஓடை நெறைஞ்சு ஓடுச்சு. மருத்துவச்சியைக் கூட்டியார முடியல."

ராஜேஸ்வரி கீழே எழுதியிருந்த வருடத்தைப் பார்த்தாள். "எழுபத்தேழுங்களா அண்ணா?"

"ஆமா சாமி. இருவது வயசாச்சு அவளுக்கு." விரல் நகர்ந்து, குட்டையான கோட்டுக்கு வந்தது. "இந்த வருசம் கம்பு கூட வெளையல. ஆனா பாருங்க, அப்பவும் மழை வந்துதானுங்களே இருக்குது. நாம பிடிச்சு வெக்கலீங்க. அவ்வளவுதானே."

பிரிண்டர் வரி வரியாக அடித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. தாளைக் கிழித்து எடுக்கவும் கீழே பல்பர் உறுமிக் கிளம்பவும் சரியாக இருந்தது. பல்பு மங்கியது, பெட்டி அணைந்து, பீப் என்று ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது. எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தாளைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

விருந்தினர் மாளிகை வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு ஷூ காலிலும் ஒரு ஷூ கையிலுமாக, அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐம்பத்திரண்டு வருடத்தில் முப்பத்தெட்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கவே இல்லையே," என்றார் தனக்குத் தானே. பிறகு நிமிர்ந்தார். "ஒரு வருடம்கூட விடாமல் இதை அளந்தது யார்? எந்த ஆபீஸ்?"

சித்தன் கொங்காடையைத் தலையிலிருந்து எடுத்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"மொதப் பதினாலு வருசம் எங்கப்பனுங்க. அப்பறம் முப்பத்தெட்டு வருசம் நானுங்க. காலையில எட்டு மணிக்கு மழை சேர்ற குப்பியை எடுத்து அளவு கிளாசுல ஊத்தி, எத்தனை கோடுன்னு எண்ணிச் சொல்லுவேன். எஸ்டேட் கணக்கு ரைட்டர் எழுதிக்குவாருங்க."

இன்ஜினியர் டிரைவரைப் பார்த்து, ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சித்தன் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க," என்றார். "அந்த ஓடை எங்கே திரும்புகிறது, எவ்வளவு அகலம், எல்லாம் சொல்லுங்க. நான் எழுதிக்கொள்கிறேன்."