வேலிக்குள் பதினோரு ஆடுகள்

"யோவ், நல்லாத்தான கீற? மூணு வருசமா கல்லால அட்ச்சித் தொரத்துனியே, இப்போ ஆட்ட உள்ள ஓட்டுன்றே!" என்றாள் பஞ்சவர்ணம்.

"கத்தாத. ஓட்டு," என்று கம்பிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் கலியமூர்த்தி.

அண்ணனூர் ரயில்வே ஷெட்டுக்குப் பின்னால், வேம்பும் உடைமரமுமாக நின்ற காட்டில் வேலி போட்ட ஒரு துண்டு நிலத்துக்கு அவர் காவல். ஆடு மாடு வாய் வைக்காவிட்டால் மரத்தடியில் என்னென்ன முளைக்கிறது என்று தாட்சாயிணி என்கிற கல்லூரிப் பெண் மூன்று வருஷமாக எண்ணி எண்ணி நோட்டில் எழுதினாள். நாளைக்குப் பேராசிரியர் வருகிறார். அதோடு அவள் ஆராய்ச்சி முடிந்தது, இவர் வேலையும் முடிந்தது. ரிட்டையரான மனுஷன் பகலெல்லாம் மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? பெரியவர் மனசு குளிர்ந்தால் இன்னொரு மூன்று வருஷம் போட்டுத் தர மாட்டாரா என்ன!

குளிர்கிற மாதிரியா இருந்தது இடம்? வேலிக்கு வெளியே ஆடுகள் மேய்ந்து தரை மொட்டையாகி, அவை தொடாத எருக்கும் ஆவாரையும் மட்டும் நின்று அம்சமாக இருந்தது. உள்ளே பார்த்தால் இடுப்பளவு புல், கோவைக்கொடி, முசுமுசுக்கை, பேர் தெரியாத கண்றாவியெல்லாம். அவர் முப்பது வருஷம் உழைத்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஆபீசர் வருகிறார் என்றால் முதல்நாளே புல்லைச் செதுக்கி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். எழுதினதெல்லாம்தான் நோட்டில் இருக்கிறதே, இனிமேல் இந்தக் குப்பை எதற்கு? குனிந்து அறுக்க முட்டி கேட்கவில்லை. அதனால்தான் ஆடு. சாயங்காலத்துக்குள் பதினோரு ஆடும் வேலையை முடித்தன. கல்லுக்குச் சுண்ணாம்பை அவரே அடித்தார்.

மறுநாள் காலையில் காரிலிருந்து இறங்கிய பேராசிரியர் உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். "எதும்மா மேய்ஞ்ச எடம்?"

தாட்சாயிணி கலியமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள். "கடைசி எண்ணிக்கை இன்னிக்குத்தானேண்ணா," என்றாள்.

கலியமூர்த்தி ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தான் மேடம் வுட்டேன். பெரியவரு வர்றாரேன்னு சுத்தமா..."

"சுத்தமாத்தான் இருக்கு," என்றார் பேராசிரியர். சுண்ணாம்பு அடித்த கல்லில் உட்காரப் போய், ஈரம் பார்த்து எழுந்தார். "மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதாம்மா. இன்னும் மூணு வருஷம். காவலுக்கு இவரே இருக்கட்டும். இனிமே ஒரு ஆட்டுக்குட்டிகூட உள்ள போகாது."

வேண்டியது கிடைத்துவிட்டது. பாவி, அந்தப் பெண்ணின் மூன்று வருஷத்தைத் தின்னக் கொடுத்து வாங்கிக்கொண்டேனே என்று நினைத்தார் அவர். வேலிக்கு அப்பாலிருந்து பஞ்சவர்ணம் கூப்பிட்டாள்: "அண்ணாத்தே, இன்னிக்கும் ஓட்டியாரட்டா?"

தாட்சாயிணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அளவுக் கயிற்றை எடுத்து ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். மறுமுனையோடு போய், மொட்டைத் தரையில் குந்தி, விரலால் தடவித் தடவி எதையோ தேடினாள்.

"கயித்த ஆட்டாதீங்கண்ணா," என்றாள், நிமிராமல்.

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.