அடிவயிற்றுத் தொட்டி

சேலைத் தலைப்பால் வேணி கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்தும் தெளியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஆவி படிந்திருப்பது உள்பக்கம். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அப்பா அண்ணாதுரையின் முகமே தெரியவில்லை.

"பெட்டி நல்லாத்தான் ஓடுதுங்க," என்றான் வாடகைக்குக் கொண்டுவந்தவன்.

மூடியைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். விடியலில் போன உயிர். டாக்டரும் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். நெற்றி சில்லென்றிருந்தது. வயிறு மட்டும் கொதித்தது.

"ஒடம்பு தாங்காதும்மா. இப்பவே எடுத்துடலாம்," என்றார் சித்தப்பா முத்துசாமி.

"தம்பி துபாய்லேர்ந்து ஏறிட்டான் சித்தப்பா. சாயங்காலம் வந்துருவான். அம்மா போனப்பவே அவனால மொகத்தப் பாக்க முடியல. இவரயும் பாக்கலன்னா அவன் மனுசனாவே இருக்க மாட்டான்."

அந்நேரம் லப்பைக்குடிகாட்டிலிருந்து நஜீமுதீன் வந்தார். அரியலூர் சுண்ணாம்புக்கல் குழியில் அப்பா ரயில் எஞ்சின் ஓட்டிய காலத்தில் கரி அள்ளிப் போட்டவர். சீமையிலிருந்து கப்பலில் வந்த குட்டை எஞ்சின். மற்றதுக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி பக்கவாட்டில் இருக்குமாம். இதற்கு அடிவயிற்றில், சக்கரங்களுக்கு நடுவே. செனைமாடு என்றே ஊரில் பெயர். வேலை நின்றதும் அதைக் குழியிலேயே விட்டுவிட்டார்கள். மழைத்தண்ணீர் நிறைந்து, இப்போது அது எத்தனை ஆழத்தில் கிடக்கிறதோ.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"'ஏறல, ஏறல'ன்னாரு மாமா. வயித்தத் தொட்டுத் தொட்டுக் காட்டினாரு."

நஜீமுதீன் பெட்டியையே பார்த்தார். "கோடையில அந்தத் தொட்டி சூடாயிடும். சுடுதண்ணி பாய்லருக்குள்ள ஏறாது. ஏறலன்னா பாய்லர் வெடிச்சிரும். ஈரச்சாக்கப் போட்டு வயித்தக் குளுத்துவோம். அது என் வேல. ஒரு சாக்கு குடும்மா."

"யோவ் பாய், அது எஞ்சின். இது எங்கண்ணன்."

"தெரியும் முத்துசாமி. உன்னவிட எனக்கு நல்லாத் தெரியும்."

வேணி யாரையும் கேட்கவில்லை. நெல் கொட்டியிருந்த கோணியை உதறி, தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்தாள். நஜீமுதீன் மூடியைத் திறந்து அதை வயிற்றின் மேல் விரித்து வலக்கையால் அழுத்தினார்.

பயந்துடாதீங்க, நடந்ததைத்தான் சொல்கிறேன். சுர்ரென்றது. கூடமெல்லாம் கரிப்புகை வாடை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தனம்கூட வாயை மூடிக்கொண்டாள். நஜீமுதீன் கையை எடுக்கவேயில்லை.

"ஏறுதுண்ணே... ஏறுது... ஏறிடுச்சு, நீ எறங்கு."

கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

பொழுது சாயும்போது தம்பி கலையரசன் பையோடு ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தான். வெகுநேரம் பார்த்தான். "தூங்குறாப்புலயே இருக்காருக்கா," என்றான்.

வேணி கொல்லைப்பக்கம் போனாள். நஜீமுதீன் வாளிக்குள் வலக்கையை விட்டபடி குந்தியிருந்தார். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. அதை வாழைக்கடியில் கொட்டிவிட்டு, பைப்பைத் திறந்து புதுத்தண்ணீர் பிடித்து அவர் முன்னால் வைத்தாள்.