குங்குமம் பட்ட கட்டிகள்

கோவர்த்தனன் சார் அந்தக் கட்டுரையை எழுதி எழுதிக் கிழித்துப் போட்ட காகிதத்தையெல்லாம் கூட்டி அள்ளியவன் நான்தான்.

சித்தூரில் புது அணை வேலைக்காகப் போட்ட பரிசோதனைக் கொட்டகை அது. மூன்று சூளைகளின் சுண்ணாம்பை வாங்கி, செங்கல் தூள் சேர்த்து அரைத்து, கட்டியாக வார்ப்போம். இறுகுவதற்காக ஒரு மாதம் காயவிடாமல் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு, பிறகு அழுத்து மிஷினில் வைத்து உடைப்போம். முதுகு ஒடியும் வேலை. எந்தச் சுண்ணாம்பு தாங்கும் என்று எழுதுவது சார் வேலை. முன்பெல்லாம் மதராஸ்காரர்கள் எழுதினார்கள். ஆந்திரா தனியாகப் பிரிந்தபின், நாமே எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. திருப்பதியில் கூடும் இன்ஜினியர்கள் முன்னால் சார் வாசித்தாக வேண்டும்.

ஒவ்வொரு கட்டியிலும் சூளைக்கு ஓர் எழுத்தை நான் பெயிண்டில் எழுதுவேன். நாற்பது வயதுக்கு மேல் ராப்பள்ளியில் தமிழ் எழுத்துக் கற்ற எனக்கு, இங்கிலீஷில் தெரிந்தது அந்த ஏ, பி, சி மூன்றும்தான். சி என்றால் புத்தலப்பட்டு. என் பெண்டாட்டி சுந்தரியின் தம்பி முனிகிருஷ்ணனின் சூளை. அடுத்தவன் சூளையில் வெந்து வெந்து, கடைசியில் தனக்கென்று ஒன்று போட்டிருந்தான். அணைக்கு அவன் சுண்ணாம்பு போகுமா போகாதா என்பது சார் எழுதும் கட்டுரையில் இருந்தது.

ஏ, பி இரண்டையும் உடைத்தாயிற்று. சி மட்டும் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

"தொட்டியக் காலி பண்ணிக் கழுவுங்கப்பா. கட்டியெல்லாம் மிஷின் முன்னாடி வரிசையா அடுக்குங்க, அம்சமா இருக்கும்" என்றார் சார்.

அடுக்கினோம். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். பூஜையில் வைத்ததை விஜயதசமி தாண்டாமல் யார் தொடுவார்கள்? இரண்டு நாள் தகரக் கூரைச் சூட்டில் காய்ந்தபின்தான் மறுபடி தண்ணீரில் போட்டோம்.

மிஷினில் வைத்ததும் சி கட்டிகள் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்தன. புத்தலப்பட்டுச் சுண்ணாம்பு அணைக்கு உதவாது என்று சார் எழுதிவிட்டார். அதை அவர் வாயாலேயே கேட்டபோது எனக்கு உடம்பு எரிந்தது.

"சார், அது சுண்ணாம்பு தப்பில்ல. நாமதான் காய வுட்டோம்."

"தெரியும்யா."

"தெரிஞ்சிக்கினே எழுதறீங்களா?"

"கட்டுரைக்கு ஒரு முறை இருக்கு, தணிகாசலம். எப்படிச் செஞ்சோம்னு ஒரு பகுதி வரும். அதுல போயி பொட்டு வெச்சோம், கற்பூரம் காட்டினோம்னு எழுதச் சொல்றியா? மதராஸ்காரன் வயிறு வலிக்கச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். பொரி நீங்களும்தானே சார் துன்னீங்க? ரெண்டாவது வாட்டியும் கை நீட்டினீங்களே!"

"வாய மூடு."

"அப்ப சிய வுட்டுடுங்க. மறுபடி வார்க்கலாம்."

"கூட்டம் அடுத்த வாரம். ஒரு மாசத்த உங்க நைனாவா குடுப்பாரு?"

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டான். "இன்னா மாமா, நம்ம சுண்ணாம்பு எப்டி?"

"எழுதிக்கினு கீறாரு."

"இம்மா நாளாவா? அதுக்குள்ள நான் ஒரு சூளை எரிச்சு எறக்கிட்டேனே!" என்று சிரித்தான். சுந்தரி என் மூஞ்சியைப் பார்த்தாள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

உடைந்த துண்டுகளைக் கூட்டத்தில் காட்ட வேண்டுமாம். மிச்ச நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தும் மஞ்சள் சுண்ணாம்பில் ஊறி, சி துண்டுகள் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தன. "பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவி எடுத்துட்டு வா" என்றார் சார். கழுவவில்லை. பெட்டியில் அப்படியே போட்டு மூடி, தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புத்தலப்பட்டைத் தாண்டும்போது மச்சான் சூளையில் புகை தெரிந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

திருப்பதிக் கூட்டத்தில் நான் வாசலோரம் நின்றேன். சார் இங்கிலீஷில் வாசித்தார். சி என்றபோது மட்டும் எனக்குப் புரிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழ இன்ஜினியர் எழுந்து மேஜைக்கு வந்தார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார்.

"ஏமய்யா, இதி குங்குமமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சார் என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

"ஆயுத பூஜைக்கு வைத்தது" என்று சார் தெலுங்கில் முனகினார்.

கிழவர் சிரிக்கவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்தீர்களா, எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு நாள் என்றார் சார். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். சார் காகிதத்தை மடிக்கப் பார்த்தார். கிழவர் கட்டுரையை வாங்கி, பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி வார்த்து, உடைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி வா என்றார்.

பஸ்ஸில் சார் என் பக்கம் திரும்பினார். "கழுவச் சொன்னேனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்க. வேணும்னேதான் கழுவல. வேலைய வுட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்கங்க."

புத்தலப்பட்டு நெருங்கியது. "புத்தலப்பட்டுல எறங்கி சுண்ணாம்பு கேட்டு வாங்கியா" என்றார் சார்.

"நான் எதுக்குக் கேக்கணும்? அவன் சுண்ணாம்ப ஆகாதுன்னு எழுதினது நானா? எதுக்கு மறுபடின்னு அவங்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

பஸ் நின்றது. பெட்டியோடு இறங்கிச் சாலையோரம் நின்றேன். சார் இருக்கையை விட்டு அசையவில்லை. கண்டக்டர், "திகுதாரா லேதா சார்? இறங்கறீங்களா இல்லியா?" என்று கத்தினார். சார் இறங்கினார்.