வார்சினியின் பின்னால் வந்த கட்டில்

சலத்திகா ஊரில் வார்சினி நடக்கத் தொடங்கிய அன்றே அவளுடைய தேக்குக் கட்டிலும் எழுந்து அவள் பின்னால் நடந்து வந்தது. அந்த வாரம் மிளகாய் விலை ஏறியிருந்ததால் சந்தையில் இதைப் பற்றிப் பேச அதிகம் ஆளில்லை.

அவளுக்கு இதயம் பலவீனம், கூடவே சர்க்கரை. அம்மா மேல் உயிரையே வைத்திருந்த மகன் பக்யோ, மரச்சாமானுக்குப் பேர்போன ஜெபாராவிலிருந்து அந்தக் கட்டிலை வரவழைத்து, "துரும்பைக்கூட எடுத்துப் போட வேணாம்மா, படுத்தே இரு" என்று சொல்லியிருந்தான். படுத்தே இருந்ததில் கால் வீங்கியது. குளியலறைக்குப் போனாலே மூச்சு வாங்கியது. தங்கை மகள் கல்யாணத்தைக்கூடக் கைபேசியில்தான் பார்த்தாள். சுகாதார நிலையத்து டாக்டர் ரெத்னோ அவளைச் சோதித்துவிட்டு, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும்மா. மீதி உங்க கால்லதான் இருக்கு. பேசிக்கிட்டே போற வேகத்துல தினமும் நடங்க" என்றாள். பக்யோ கொதித்தான். "நோயாளியத் தெருவுல விட்டான்னு ஊரே என்னைக் காறித் துப்பும்." வார்சினி செருப்பை மாட்டிக்கொண்டாள். "துப்பட்டும். துடைச்சிக்கிட்டுப் போயிட்டே இரு."

கட்டில் திருப்பங்களில் முந்திப்போய் வழிமறித்து நின்றது, மெத்தையை உப்பிக் காட்டியது. அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ரம்புத்தான் மரத்தடியில் களைத்து நின்றபோது அவள் கை தானாகவே தலையணையைத் தொட்டது. புளித்த சோயாக் கட்டியான டெம்பே விற்கும் சுமியாத்தி, "படுத்துடுங்கக்கா, பாவம், அதுவும் எவ்வளவு தூரம் வந்திருக்கு!" என்று சிரித்தாள். வார்சினி கையை இழுத்துக்கொண்டு மதகுக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அதுக்கு நாலு காலு, எனக்கு ரெண்டு. யாரு முதல்ல விழறோம்னு பாத்துடுவோம்டி."

பக்யோ கட்டிலைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தான். அது கதவு நிலையையும் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனது. நிலையைத் திரும்பப் பொருத்தியவன், மறுநாள் தானும் அம்மாவோடு கிளம்பினான். முதல் மேட்டிலேயே அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. மழைக்காலங்கள் வந்து போயின. கால் வீக்கம் வடிந்தது, மாத்திரைகள் குறைந்தன; நோய் போய்விடவில்லை, ஆனால் அதிகாரம் பண்ணுவதை விட்டுவிட்டது. ஒரு காலை, மெர்பாபு மலையைப் பார்த்து ஏறும் சாலையில் கட்டிலின் முன்கால்கள் மடங்கின. அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

நகராட்சி அதற்கு மேல் தகரக் கூரை போட்டது. மேலூருக்குப் போகும் வண்டிக்காக ஜனங்கள் அதில்தான் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். "இடம் இருக்கு, வாங்கக்கா" என்று நகர்ந்து கொடுப்பவர்களிடம் வார்சினி, "நீங்க இருங்க, நான் மேலூருக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள்.