ருசி பார்த்தது கணக்கில் வராது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எடை மெஷின்மேல் ஏறி இறங்கிய ஆத்திரத்தில் பிறந்த கதை இது. என்னைப் பற்றி எழுத வெட்கப்பட்டு, என் கிலோக்களை ஓர் ஆஸ்பத்திரி கேன்டீன் சமையல்காரி தலையில் கட்டிவிட்டேன்.

‘அவள் ஒரு மலையைப் போல’ (இந்த வரியை அடித்தாயிற்று. நான் மட்டும் என்ன ஒட்டடைக்குச்சியா?)

நேராகவே வருகிறேன். அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. எட்டுக் கிலோ இறக்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் இல்லையென்றால் அண்டா முன்னால் நிற்க முடியாது, வேலை போய்விடும்.

2

உடம்பின் சட்டம் ஒரே வரிதான்: செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால் கொழுப்பு கரையும். அந்த ஒரு வரியை இழுத்து முந்நூறு பக்கம் எழுதிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு ஒரு நோட்டுப் போதுமானதாக இருந்தது. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கை வாங்கிக் கொடுத்தது. சாப்பிட்டதையெல்லாம் மூன்று மாதம் அதில் ஒழுங்காக எழுதினாள். இதற்குமேல் தட்டைக் குறைத்தால் மயக்கம் வரும் என்கிற அளவுக்குக் குறைத்தும் பார்த்தாள். மெஷின் முள் அசைந்து கொடுக்கவில்லை.

“அக்கா, எல்லாத்தையும் எழுதுறியா?”

“சாப்பிட்டது பூரா எழுதுறேன்டி.”

“கரண்டியில எடுத்து எடுத்து வாயில விடுறியே, அது?”

“அது சாப்பாடா? அது வேலைடி!”

தங்கை ஒருநாள் முழுக்க அடுப்படியில் நின்று எண்ணினாள். எண்ணெய் மிதக்கும் கிரேவி, சூப், கேக் க்ரீம் என்று நாற்பத்தொரு கரண்டி. ஏறக்குறைய எழுநூறு கலோரி. (இதை எழுதும்போது நான் கொறித்த வறுகடலை இதில் சேராது. அது இலக்கியப் பணி.)

3

ஒரு வாரம் ருசி பார்க்காமல் சமைத்தாள். அரைக் கிலோ குறைந்தது. வார்டுகளுக்குப் போன தட்டுகளும் அப்படியே திரும்பி வந்தன. ஒருநாள் உப்புக் கரித்தது, மறுநாள் உப்பே இல்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்மா,” என்றார் மேனேஜர்.

இந்த இடத்தில்தான் கதை என் கையை மீறியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ருசி பாக்காதன்னு சொல்றீங்களே, நீங்க எழுதினதைத் திருப்பிப் படிக்காமதான் அனுப்புவீங்களா?”

“வேற யாரையாவது பாக்கச் சொல்லலாமே,” என்று இழுத்தேன்.

“முப்பது வருஷமா என் நாக்கை நம்பித்தாங்க உப்புப் போடுறேன். வேற யாரு நாக்கை நான் நம்புறது?”

அதுவரை கேலியாக எழுதிக்கொண்டு வந்தவனுக்கு அவமானமாக இருந்தது.

4

முடிவு அ: எட்டுக் கிலோவும் குறைந்து, புது முழங்காலோடு மாடிப்படி ஏறுகிறாள். (விளம்பரத்துக்கு ஆகும், கதைக்கு ஆகாது.)

முடிவு ஆ: ருசி பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஒருநாள் அடுப்படியிலேயே கால் மடங்கி (எழுத மனம் வரவில்லை.)

மூன்றாவது முடிவை ‘கரண்டியை வாயருகே கொண்டுபோனவள்’ என்று தொடங்கி அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். வார்டுகளில் நூற்றிருபது பேர் பசியோடு காத்திருக்கிறார்கள். என்னை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியை உங்கள் பக்கம் நீட்டுகிறாள்.

“நீங்களாவது சொல்லுங்க. உப்புப் போதுமா?”

வாயைத் திறங்கள். சூடாக இருக்கும், ஊதிக்கொள்ளுங்கள்.