கண்ணெடுக்காமல் பார்த்தவர்

"என் தம்பி கண்ணையே எடுக்கலைங்கிறேன்! அவனுக்குப் புத்தி சொல்ல நீ யாரும்மா?"

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத்தருகே, பிள்ளையின் அத்தை போட்ட சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. சரியாகக் கேட்காத நாலாம் மாடிக்காரர்கள் இறங்கியே வந்துவிட்டார்கள்.

நீச்சல் டீச்சர் சொட்டச் சொட்ட நின்றாள். "பார்த்தாரு அக்கா. இல்லைன்னு சொல்லலையே. எதைப் பார்க்கணும்னு தெரியாம பார்த்தாரு."

நடந்தது இதுதான். வகுப்பு முடிந்ததும் அந்தத் தம்பியின் நாலு வயசு மகள் கரையேற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்று அப்பா டீச்சரை அனுப்பிவிட்டு, பிள்ளையின் கைமிதவையையும் கழற்றினார். வீடியோவில் அது அசிங்கமாகத் தெரிகிறதாம். பிள்ளை படியைவிட்டு நகர்ந்தது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. தலை பின்னால் சாய்ந்தது. கைகள் தண்ணீரை அமுக்கின. சத்தமே இல்லை. "மிதக்குது பாரேன் என் தங்கம்!" என்றார் மனிதர், போனைப் பிடித்தபடி. மற்ற பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பியவள், துண்டோடு குதித்தாள்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையாட்டாது என்று பெற்றோருக்கு முதல் நாளே அவள் வகுப்பெடுத்திருந்தாள். "அதெல்லாம் பொம்பளைங்க கேட்டுப்பாங்க" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர் இவர்.

ஆபீசிலிருந்து ஓடிவந்த அம்மா, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, தோள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்:

"பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்களா?"

"சத்தியமா. ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கலை."

"சரி."

அவ்வளவுதான். அழுவாள், அறைவாள் என்று நின்றிருந்த எங்களுக்கெல்லாம் பெரிய ஏமாற்றம்.

"ரெண்டு வார்த்தை திட்டிடேன்" என்று அவரே கெஞ்சினார்.

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். இதுக்கு என்னத்தைத் திட்ட?"

பிள்ளை பிழைத்தது, டாக்டரும் பயமில்லை என்றார். அதன்பிறகு அவள் சமைத்தாள், வேலைக்குப் போனாள், கேட்டால் பதில் சொன்னாள். பிள்ளையை மட்டும் அவரோடு தனியாக விடவில்லை, குளிப்பாட்டக்கூட. நீச்சல் வகுப்புக்குத் தானே கூட்டிவந்து கரையில் உட்காருவாள். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பமாட்டாள். கண் குளத்தில் இருக்கும். எங்களுக்கு வம்பு கிடைக்காது.

மறுவருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு அண்ணன் வீட்டுப் பக்கம் குடிபோனாள். சண்டையும் இல்லை, வழக்கும் இல்லை. நாற்பதைத் தொட்ட நாத்தனாருக்கு ஒருவழியாகக் கல்யாணமாகி, அவளும் வெளியூர் போனாள். டீச்சருக்கும் இவருக்கும் முடிச்சுப்போட்டுப் பார்த்தோம். அவள் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். இவர் இங்கேதான் இருக்கிறார், தனியாக.